இருபத்து மூன்றாவது பெயர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வந்த வேகத்தில் போயும்விடும், ஆனால் வருகிற நேரத்தில் பக்கத்தில் யாரும் நிற்காமல் இருப்பது அவரவர் பாக்கியம். 2007 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் நான் பட்ட பாட்டை இப்போது சொல்ல ஆரம்பித்தாலும் மூச்சு வாங்குகிறது.

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் என் மாமனார் முத்துகிருஷ்ணனுக்கு மளிகைக் கடை. இட்லி அரிசி, அப்பளம், காப்பித்தூள், முருங்கைக்காய், வெள்ளிக்கிழமை என்றால் வாழையிலை. கடைக்கு மேலே ஓர் அறை. அதில் ஒரு பக்கம் மிளகாய் மூட்டைகள், மறு பக்கம் நானும் என் கம்ப்யூட்டரும். என் கணவர் ராஜ்மோகனுக்கு அசன்சோலில் ரயில்வே வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டு, மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே ஒரு மென்பொருள் எழுதினேன். பைத்தியமா உனக்கு என்று கேட்காதவர்கள் இல்லை.

அந்த மென்பொருள் செய்கிற வேலை இதுதான். ஒரு பெரிய அரசு நிறுவனம், பெயர் வேண்டாமே, டாலிகஞ்சில் தன் ஊழியர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் அங்கேதான் மாத்திரை வாங்குவார்கள். யாருக்கு என்ன மாத்திரை, எத்தனை பாக்கி, எந்த அலமாரியில் இருக்கிறது என்று மருந்து கொடுக்கிற மண்டல் பாபு நாலு தடி நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். கியூ மத்தியானம் இரண்டு மணிக்கும் முடியாது. என் மென்பொருள் வந்த பிறகு பதினொன்றரைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போகிறார். என்னைவிட இருபது வயது மூத்தவர், என்னைத் திதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவார். எனக்கு இருந்தது அந்த ஒரே ஓர் இடம்தான். அதைப் பார்த்துத்தான் மற்ற ஆஸ்பத்திரிகள் என்னிடம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் டல்ஹௌசி ஆபீசிலிருந்து ராகவேந்திரன் கூப்பிட்டார். அந்த நிறுவனத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் அவர்தான் காவல். தமிழர், கறார் ஆசாமி, சிரித்தால் பல் கொட்டிவிடும் என்று பயப்படுகிறவர். உடனே வரச் சொன்னார், போனேன். பரிசோதனைக்கென்று வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் என் மென்பொருளைத் திறந்து காட்டினார். திறக்கவில்லை. மஞ்சள் கட்டம் ஒன்று குறுக்கே வந்து நின்றது. வெளியீட்டாளர்: தெரியவில்லை.

தெரியவில்லையாமே! இரண்டு வருஷமாக அவர்கள் ஆஸ்பத்திரியில் குடியிருக்கிறேன், தெரியவில்லையாம். எனக்கு உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது.

ராகவேந்திரன் நிதானமாக விளக்கினார். இதுவரை இருந்த பாதுகாப்பு மென்பொருள் வைரஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. தலைமை அலுவலகம் இப்போது வாங்கியிருப்பது வேறு ரகம். எந்த மென்பொருள் வந்தாலும் உன்னை எழுதியது யார் என்று கேட்கும். எழுதியவரின் டிஜிட்டல் கையெழுத்து அதில் இருக்க வேண்டும், அந்தப் பெயர் நம்பகமான வெளியீட்டாளர் பட்டியலிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறக்காது. பட்டியல் அவர் கையில் இருந்தது. இருபத்திரண்டு பெயர்கள், எல்லாம் மலை மலையான கம்பெனிகள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. அதற்குப் பிறகு ஒரு பெயர் சேர்க்க வேண்டுமானால் கமிட்டி கூடித்தான் சேர்க்கும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. புதுக் காவல் திங்கட்கிழமை காலையில் வேலையை ஆரம்பிக்கும்.

அப்படியென்றால் திங்கட்கிழமை காலை மண்டல் பாபு ஜன்னலைத் திறக்கும்போது வெளியே முந்நூறு கிழவர்கள் நிற்பார்கள், உள்ளே என் மென்பொருள் திறக்காது. நாலு தடி நோட்டும் பரணிலிருந்து இறங்கும். மூன்று மாதம் காத்திருக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? பட்டியலில் ஏற்கனவே இருக்கிற பெரிய கம்பெனி ஒன்று அதே வேலைக்கு ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் என் பெயர் ஏறாவிட்டால் என் மூன்று வருஷமும் போச்சு.

நான் விடுவேனா? என் பைலின் கைரேகையை, அதாவது அந்தப் பைலுக்கே உரிய அடையாள எண்ணை மட்டுமாவது பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதே என்றேன். இருக்கிறது, ஆனால் நீங்கள் வாரம் ஒரு தடவை எதையாவது மாற்றுகிறீர்கள், ஒரு கமா மாறினாலும் ரேகை மாறிவிடும், வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அதைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை என்றார். சரி, கையெழுத்துச் சர்ட்டிபிகேட்டை நானே தயாரித்துத் தருகிறேன், அரை மணி நேர வேலை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தன்னைத் தானே மெச்சிக்குமாம் தவிட்டுக் கொழுக்கட்டை. நீங்க யாருன்னு நீங்களே சொன்னா போதாது மேடம். வேற ஒருத்தர் சொல்லணும்."

போன ஏப்ரலில் யாரோ ஒரு அதிகாரியின் மச்சான் எழுதிய ஸ்கிரீன் சேவர், இலை உதிர்கிற மாதிரி அழகாக இருக்குமாம், நாற்பது கம்ப்யூட்டரைப் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தது. அதிலிருந்து அவர் பெற்ற அப்பாவையே நம்புவதில்லை என்று ஆபீசில் பேச்சு. எனக்குக் கோபம் வந்தாலும் அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது டல்ஹௌசிக் கதையையும் வெள்ளிக்கிழமைக் கெடுவையும் மாமாவிடம் சொல்லிப் புலம்பினேன்.

செவ்வாய்க்கிழமை விண்ணப்பம் போட்டேன். இன்னார்தான் இந்த மென்பொருளை எழுதியவர் என்று சர்ட்டிபிகேட் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிகள் உண்டு. அதில் ஒன்று ட்ரேட் லைசென்ஸ் கேட்டது, கொடுத்தேன். அதே விலாசத்தில் டெலிபோன் டைரக்டரியில் ஒரு நம்பர் வேண்டும், அந்த நம்பருக்குத்தான் கூப்பிட்டு விசாரிப்போம் என்றது. இங்கேதான் கொஞ்சம் விளக்க வேண்டும்.

என் பெயர் ஆண்டாள். என் மாமியார் பெயரும் ஆண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள், அங்கே தெருவுக்கு நாலு ஆண்டாள். நான் மருமகளாக வந்த அன்றைக்கே, மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை எப்படி ஏவுவது, எப்படித் திட்டுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. இந்தப் பெண்ணுக்கு அலமு என்று இருக்கட்டும் என்று அத்தையே முடிவு செய்தார். பன்னிரண்டு வருஷமாக வீட்டிலும் கடையிலும் நான் அலமு. கடையும் கடை போனும் அத்தை பெயரில் எடுத்தவை, டைரக்டரியிலும் அவர் பெயர்தான். அத்தை தவறி இரண்டு வருஷமாகிறது. மாமா எதையும் மாற்றவில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன். பெயரும் சரி, விலாசமும் சரி, கூப்பிட்டால் எடுக்கப்போவதும் நான். நான் பொய் சொல்லவில்லை, முழுசாகவும் சொல்லவில்லை. வியாழக்கிழமை போன் செய்வோம் என்று பதில் வந்தது.

புதன்கிழமை நான் டாலிகஞ்ச் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மாமா கல்லாவில் ஒரு மாதிரி நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஆள் பார்க்க சந்தோஷமாகவும் இருந்தார், கண்ணும் கலங்கியிருந்தது.

"யாரோ வெளிநாட்டுப் பொண்ணு அலமு. ஒங்க அத்தையைக் கேட்டா. எக்ஸ்பயர்ட், டூ இயர்ஸ்னு சொன்னேன். எவ்வளவு மரியாதையா வருத்தப்பட்டாங்கிறே! ரெண்டு தடவை சாரி சொன்னா."

வியாழக்கிழமை என்று சொன்னவர்கள் ஒரு நாள் முன்னாலேயே கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு இரண்டு படியாக மாடிக்கு ஓடினேன். ஈமெயில் காத்துக்கொண்டிருந்தது. விண்ணப்பதாரர் காலமாகிவிட்டதாக அறிகிறோம், விண்ணப்பம் ரத்து செய்யப்படுகிறது, குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். என்னுடைய மரண அறிவிப்பை நானே மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன்.

அப்புறம் கீழே இறங்கிப் போய்க் கத்தினேன். கடையில் ஆள் இருக்கிறதென்றுகூடப் பார்க்கவில்லை. கேட்கிறவள் யார், என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாதா, உயிரோடிருக்கிறவளைக் கொன்றுவிட்டீர்களே, இனிமேல் மணி அடித்தால் அந்தப் போனைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவருடைய கடை, அவருடைய போன். மாமா எனக்குச் சமமாகக் கத்தியிருந்தால் தேவலை. அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"ஆண்டாள்னா எனக்கு அவதான். இன்னொருத்தியை அந்தப் பேரால என் வாய் சொல்லாது அலமு. அதைக் கேக்காதே."

என் கோபம் அந்த நிமிஷமே செத்தது. ஆனால் தப்புத்தான் மாமா என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று ராத்திரியிலிருந்து எங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை.

அந்தக் கம்பெனிக்கு நான் எழுதிய ஈமெயில் உலகத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஐயா, நான் உயிரோடு இருக்கிறேன் என்று தொடங்கியது. வியாழக்கிழமை காலையில் பதில் வந்தது. உயிரோடிருப்பது மகிழ்ச்சி. ஆனால் முதலில் சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் முரண் இருப்பதால், வக்கீல் ஒருவர் எல்லாவற்றையும் விளக்கி எழுதித் தர வேண்டும். வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி கூப்பிடுகிறோம்.

அந்த வியாழக்கிழமை பார்த்துக் கல்கத்தாவில் பந்த். எந்தக் கட்சி, எதற்கு என்று எனக்கு ஞாபகம் இல்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கோர்ட்டு இல்லை. ஐயோ என்று தலையில் கை வைத்த அடுத்த நொடியே துள்ளி எழுந்தேன். கோர்ட்டு இல்லையென்றால் வக்கீல் வீட்டில் இருப்பாரே! பவானிபூரில் சாவித்திரி அக்கா இருக்கிறார், அலிப்பூர் கோர்ட்டில் வக்கீல், எங்கள் கடையின் பழைய வாடிக்கை. மற்ற நாளில் அவரைப் பிடிக்க மூன்று நாள் அலைய வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். ராஷ்பிகாரி ரோடு முழுக்கப் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். டிராம் தண்டவாளத்தின்மேல் ஒரு பந்து உருண்டு வந்தது. எடுத்து எறிந்தேன், நேராகப் போய் ஸ்டம்ப்பில் விழுந்தது. திதி அவுட் பண்ணிட்டாங்க என்று வங்காள மொழியில் ஒரே கூச்சல். எனக்கு அப்போதே நல்ல சகுனமாகப் பட்டது.

சாவித்திரி அக்கா நைட்டியோடு கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு சோபாவில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன். மருமகள் ஆண்டாள் உயிரோடிருக்கிறாள், கம்பெனி அவளுடையது, அவ்வளவு எழுதினால் போதும் என்றேன். அக்கா உடனே வக்கீல் ஆகிவிட்டார். டைரக்டரியில் இருக்கிற ஆண்டாள் நீ இல்லை என்பதையும் எழுதினால்தான் என் கையெழுத்து விழும், பாதி உண்மைக்கு நான் ஜாமீன் நிற்பதில்லை என்றார். வாதாடிப் பார்த்தேன். வக்கீலிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா? போன் காலமான மாமியார் ஆண்டாள் பெயரில் உள்ளது, அதே விலாசத்தில் மருமகள் ஆண்டாள் தொழில் நடத்துகிறாள், அந்தப் போனைப் பயன்படுத்துகிறாள் என்று எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்து, அவர் வீட்டிலிருந்தே ஸ்கேன் செய்து அனுப்பினோம். அசல் காகிதத்தை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து கடைப் போனுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துவரம் பருப்பு நிறுத்தார். மணி அடித்தால் பாய்ந்து எடுத்தேன். ஒருத்தி அப்பளம் வந்ததா என்று கேட்டாள். ஒருவர் வாழையிலை நாலு எடுத்து வைக்கச் சொன்னார். இன்னொருத்தி முருங்கைக்காய் முற்றலா பிஞ்சா என்று விசாரித்தாள். பிஞ்சு, வை போனை என்று சொல்லிவிட்டேன், பாவம்.

ஒன்று இருபதுக்கு அந்தக் குரல் வந்தது. ஆண்டாளோடு பேசலாமா? நான்தான் என்றேன். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. உங்கள் குரலைக் கேட்பதில் மகிழ்ச்சி, போன தடவை மிகவும் வருந்தினேன் என்றாள். லைசென்ஸ் நம்பர், விலாசம், வக்கீலின் பெயர், நான் எழுதும் மென்பொருள் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வக்கீலிடமும் பேசிவிட்டோம், ஒரு மணி நேரத்தில் வரும் என்றாள்.

இரண்டே முக்காலுக்கு வந்தது. சர்ட்டிபிகேட்டை இறக்கினேன். என் மென்பொருளில் கையெழுத்தைப் பதித்தேன். ராகவேந்திரன் ஆபீசில் பார்த்த அதே மாதிரி எச்சரிக்கைக் கட்டம் என் கம்ப்யூட்டரிலும் வரும்படி செய்து திறந்து பார்த்தேன். வந்தது, ஆனால் மஞ்சள் இல்லை. வெளியீட்டாளர்: ஆண்டாள் சாஃப்ட்வேர். அடி என் ராஜாத்தி! அந்த எழுத்துக்களை விரலால் தடவிப் பார்த்தேன். வெட்கமென்ன, மூட்டைகளுக்கு நடுவே குதித்தேன். கீழே மாமாவின் தலையில் காரை உதிர்ந்திருக்கும். ஓடிப்போய் அவரிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது. பேச்சில்லையே. சி.டி.யில் எழுதி எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டி ஒன்றும் சொல்லாமல் வெளியே ஓடினேன்.

காளிகாட்டில் மெட்ரோ பிடித்து எஸ்பிளனேடில் இறங்கினால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. முழங்கால் தண்ணீர். டாக்சி எல்லாம் நின்ற இடத்தில் நிற்கின்றன. சி.டி.யையும் காகிதத்தையும் பாலிதீன் பையில் சுற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு டல்ஹௌசி வரை நடந்தேன். ராகவேந்திரன் மேஜைமுன் போய் நின்றபோது மணி நாலு முப்பத்தெட்டு. என் சேலையிலிருந்து அவர் ஆபீஸ் தரையில் ஒரு சின்னக் குளம்.

அவர் சி.டி.யைப் போட்டுப் பார்த்தார். கையெழுத்து சரி. கொடுத்த கம்பெனி சரி. காலாவதித் தேதி சரி. நான் பட்டனை அழுத்தப்போகிறார் என்று பார்த்தால், அலமாரியைத் திறந்து டெலிபோன் டைரக்டரியை எடுத்தார். ஆள்காட்டி விரலை வைத்துத் தேடினார். லேக் மார்க்கெட், ஆண்டாள் என்று படித்துவிட்டு, இது நீங்கள்தானே என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. மணி நாலே முக்கால். ஆமாம் என்றால் முடிந்தது, பட்டியலில் ஏறிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த மனிதர் வைத்திருக்கிற பட்டியலின் பெயரே நம்பகமானவர்களின் பட்டியல். அதில் முதல் நாளே பொய்யோடு ஏறுவதா என்று எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. இல்லை சார், அது என் மாமியார், தவறிவிட்டார் என்று சொல்லி சாவித்திரி அக்காவின் காகிதத்தை நீட்டினேன். அவர் மேலிருந்து கீழே வரை இரண்டு தடவை படித்தார்.

நல்லது என்றார். அப்படியானால் நான் ஒரு தடவை அந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்றார். பட்டியலில் இருக்கிற இருபத்திரண்டு கம்பெனிகளையும் டைரக்டரி நம்பரில் அவரே கூப்பிட்டு விசாரித்துத்தான் சேர்த்தாராம். சர்ட்டிபிகேட் கொடுத்தவனுக்கு அவன் விசாரணை, எனக்கு என் விசாரணை, நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அழுத்தினார்.

அங்கே எடுக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும். அவர் என்ன சொன்னார் என்பதும் தெரியும். என் வாய் சொல்லாது, அதைக் கேக்காதே. போதாததற்குப் போனைத் தொடாதீர்கள் என்று கத்தியவள் நான். எடுக்காமலே விட்டுவிட்டாலும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆறு தடவை, ஏழு தடவை மணி அடித்தது. எட்டாவதில் எடுத்தார். பின்னால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் இரைச்சல்.

"ஆண்டாள் இருக்காங்களா?" என்றார் ராகவேந்திரன்.

யாரோ பெருங்காயம் கேட்பது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. மாமா மூச்சு விடுவது கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்திரண்டு. நான் என் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"ஆண்டாள் இங்க இல்லை" என்றார் மாமா.

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"டல்ஹௌசிக்குப் போயிருக்கா. நீங்க அந்த ஆபீஸ்தானா? என் மருமக சார் அவ. மாடியில கம்ப்யூட்டர் கம்பெனி வச்சிருக்கா. காலைலேருந்து ஒரு வாய் சாப்பிடலை, போனை விட்டு நகரலை. அவ வேலை முடிஞ்சுதான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

ராகவேந்திரன் என்னைப் பார்த்தார். நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் போனை வைத்தார். பட்டியலைத் திறந்தார். இருபத்து மூன்றாவது வரியில் என் பெயரைச் சேர்த்தார். பரிசோதனைக் கம்ப்யூட்டரில் என் மென்பொருளைத் தட்டினார். எந்தக் கட்டமும் குறுக்கே வரவில்லை, நோயாளியின் எண்ணைக் கேட்டுக்கொண்டு பளிச்சென்று திறந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்குப் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. இனிமேல் உங்கள் பெயரில் எது வந்தாலும் என் கம்ப்யூட்டர்கள் கேள்வி கேட்காமல் திறக்கும், அந்தச் சர்ட்டிபிகேட்டை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். பிறகு போனை என் பக்கம் தள்ளினார்.

"பெரியவர் கேட்டுச் சொல்லச் சொன்னார். நீங்களே சொல்லிடுங்க."

எண்ணை அழுத்தினேன். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தார்.

"மாமா, ஆண்டாள் பேசறேன்" என்றேன். "வேலை முடிஞ்சுது மாமா. அன்னிக்குக் கத்தினதுக்கு மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் தராசில் அவர் எடைக்கல்லை வைக்கிற சத்தம் கேட்டது.

"சரி ஆண்டாள்" என்றார். "மெட்ரோல கூட்டமா இருக்கும். பாத்து வா."